பள்ளியில் நல்ல சாப்பாடும் விளையாட்டும்: பேச்சும் போஸ்டரும் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. உங்கள் மகளும் அங்கேதான் ஏழாவது படிக்கிறாள். முன்னாள் மாணவர்கள் 30,000 ரூபாய் திரட்டிக் கொடுத்து, பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடவும் ஓடியாடவும் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரை அழைத்துப் பேச வைப்பது, சிறுதானிய உணவுத் திருவிழா நடத்துவது, வகுப்புக்கு வகுப்பு போஸ்டர் ஒட்டுவது என்று கூட்டத்தில் பேச்சு ஓடியிருக்கிறது. இதனால் பலன் உண்டா, வேறு ஏதாவது செய்யலாமா என்கிறீர்கள். பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால் மாறுவார்களா என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி.

சொல்வதால் மட்டும் மிகக் கொஞ்சமே மாறுவார்கள். அரசுப் பள்ளிகளில் நீண்ட காலம் உடற்கல்வி ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். பழம் நல்லது, சிப்ஸ் கெடுதல் என்று தெரியாத ஏழாம் வகுப்புப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஆனால் காலை இடைவேளையில் பையில் பத்து ரூபாய் இருக்கிறது, கேட்டுக்கு வெளியே கடை இருக்கிறது, பத்து நிமிஷம்தான் நேரம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் கைக்கு எட்டுவதுதான் வயிற்றுக்குள் போகும். விளையாட்டும் அப்படித்தான். ஓடினால் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். மைதானமும் பந்தும் யாருக்குக் கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பள்ளி நாளின் ஏற்பாட்டை மாற்றுவதற்குப் பணத்தையும் உழைப்பையும் போடுங்கள். நிபுணர் பேச்சுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இது என் அனுபவம் மட்டுமில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில், 96 பள்ளிகளில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு 'கேட்ச்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. பள்ளிச் சாப்பாட்டில் கொழுப்பைக் குறைத்தார்கள், உடற்கல்வி வகுப்பைத் திருத்தி அமைத்தார்கள், பாடமும் நடத்தினார்கள், பெற்றோரையும் சேர்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டில் கொழுப்பு குறைந்தது. விளையாட்டு வகுப்பில் பிள்ளைகள் நிஜமாகவே ஓடிய நேரம் கூடியது. ஆனால் உடல் எடையிலோ இரத்த அழுத்தத்திலோ கொலஸ்ட்ராலிலோ சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்த 'வேவ்ஸ்' ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. தினமும் கூடுதலாக 30 நிமிஷ ஓட்டம், பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துச் சமையல் பயிற்சி, ஆஸ்டன் வில்லா கால்பந்துக் கிளப்போடு ஒரு நிகழ்ச்சி என்று ஒரு வருஷம் செய்தார்கள். அங்கும் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பள்ளியில் எதைச் செய்தும் பயனில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டில் விழுவதும் பீரியடில் நடப்பதும் பள்ளியின் கையில் இருக்கின்றன. 'கேட்ச்' ஆய்வில் அவை இரண்டும் மாறின. எடை என்பது வீட்டுச் சமையல், தூக்கம், கைபேசி, டியூஷன், தெருவில் விளையாட இடம் என்று பலவும் சேர்ந்து தீர்மானிப்பது. அதைத் தனியாகப் பள்ளி மாற்றிக் காட்டும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வருஷம் கழித்து 'என்ன குறைந்தது?' என்று கேட்பார்கள், பதில் இருக்காது, நல்ல முயற்சி ஒன்று அதோடு நின்றுபோகும்.

எடையை இலக்காக வைக்க வேண்டாம் என்பதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 2016 முதல் 2018 வரை நாடு முழுவதும் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வயதுக்குரிய அளவைவிட மெலிந்திருந்தார். நூற்றுக்கு ஐந்து பேர் அதிக எடை. பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'குண்டாகாதே' என்ற பேச்சை, ஏற்கெனவே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருக்கும் மெலிந்த பெண்ணும் கேட்கிறாள். முட்டை, பருப்பு, காய்கறி, தினமும் ஓட்டம் என்பவை இரண்டு பேருக்குமே நல்லவை. பொதுவில் அதை மட்டும் சொன்னால் போதும். இன்னொன்று: வகுப்பையே வரிசையில் நிறுத்தி, எடை பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி எண்ணைச் சொல்லும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளின் உயரம்-எடை விகிதத்தை அவரவர் வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான எல்லைக்கோடு அவர்களுக்குப் பொருந்தாது.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளைக்கு 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல். வாரத்துக்கு 420 நிமிஷம். பெரும்பாலான பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு விளையாட்டு பீரியட், அதாவது 80 நிமிஷம். அதையும் முழுதாக எண்ணக் கூடாது. ஒருநாள் நீங்களே போய் மைதான ஓரத்தில் நின்று பாருங்கள். நன்றாக விளையாடும் பிள்ளையை விட்டுவிட்டு, சுமாராக விளையாடும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவள் அசையும் நேரத்தை மட்டும் கடிகாரத்தில் குறியுங்கள். வரிசையில் வந்து நிற்க, வருகை எடுக்க, ஆபீஸ் அறையிலிருந்து பந்து வாங்கி வர என்று பத்து நிமிஷம் போய்விடும். அப்புறம் 45 பேருக்கு ஒரு வாலிபால். பன்னிரண்டு பேர் ஆடுவார்கள். மற்றவர்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் கடிகாரம் ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் அது நல்ல நாள்.

நல்ல விளையாட்டு என்று நாம் நினைக்கும் கோ-கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். விரட்டும் அணியில் எட்டுப் பேர் குந்தியிருப்பார்கள், ஒருவர் ஓடுவார். தப்பிக்கும் அணியிலிருந்து மூன்று மூன்று பேராக உள்ளே வருவார்கள். ஒரு நேரத்தில் நான்கு பேருக்குத்தான் ஓட்டம். போட்டிக்கு அது அருமையான ஆட்டம், நானே அணிகளைத் தயார் செய்திருக்கிறேன். ஆனால் 45 பேர் உள்ள வகுப்பை அசைய வைக்க அப்படியே பயன்படாது. மைதானத்தைச் சுண்ணாம்புத் தூளால் ஆறு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஏழெட்டுப் பேர் விடுங்கள். ஒன்றில் நாலுக்கு நாலு கபடி, ஒன்றில் ஸ்கிப்பிங், ஒன்றில் இரண்டு இரண்டு பேராக வளையப்பந்து, ஒன்றில் நொண்டி, ஒன்றில் சின்னப் பந்தை வைத்துக் கால்பந்து, ஒன்றில் கல்லா மண்ணா. எட்டு நிமிஷத்துக்கு ஒரு விசில், கட்டம் மாற வேண்டும். ஒரு பீரியடில் எல்லோரும் நான்கு ஆட்டம் ஆடிவிடுவார்கள், உட்காரும் இடமே இருக்காது.

அவுட் ஆனவர் வெளியே உட்காரும் ஆட்டங்களில் முதலில் அவுட் ஆவது மெதுவாக ஓடும் பிள்ளைதான். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவரையே நாம் உட்கார வைக்கிறோம். அவுட் ஆனால் எதிரணியில் சேர வேண்டும், அல்லது இருபது ஸ்கிப்பிங் குதித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்று விதியை மாற்றினால் போதும்.

ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். 'வீட்டுப்பாடம் எழுதலையா, கிரவுண்டை மூணு ரவுண்டு ஓடு' என்று சொல்லும் பள்ளியில் ஓட்டம் அவமானத்தோடு சேர்ந்துவிடுகிறது. தோப்புக்கரணமும் அப்படித்தான். கெட்டுப்போனால் திருத்த ரொம்ப நாள் ஆகும் விஷயம் இது. தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும், காசு செலவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் கத்திக்கொண்டு ஓடும் பெண்கள் எட்டாம் வகுப்பில் மைதான ஓரத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அருகில் போய்ப் பார்த்தால் காரணங்கள் எளியவை. துப்பட்டாவைக் குத்திக்கொண்டு ஓட முடியாது. நடு மைதானம் பெரிய பையன்களிடம் இருக்கிறது. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வருவதில்லை. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், வெயிலில் ஓடினால் தலை சுற்றுகிறது. மாதவிடாய் நாட்களில் நாப்கின் மாற்ற இடமில்லை என்றால் அந்த நாட்களில் ஓரமாக உட்காருவது பழக்கமாகி, பிறகு எல்லா நாளும் உட்காருகிறார்கள். மாதவிடாயின்போது விளையாடக் கூடாது என்று மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. வலி அதிகமாக இருக்கும் நாளில் அவளே ஓய்வு எடுத்துக்கொள்ளட்டும், அது அவள் முடிவு. விளையாட்டு நாளில் டிராக் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் போட்டுவர அனுமதி, வாரத்தில் இரண்டு நாள் நடு மைதானம் பெண்களுக்கு மட்டும், நன்றாகப் பூட்டும் கழிப்பறை. இந்த மூன்றும் நடந்தால் அடுத்த மாதமே வித்தியாசம் தெரியும். உங்கள் 30,000 ரூபாயில் முதல் செலவு தாழ்ப்பாளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போகட்டும். உடற்பயிற்சி நிதியைக் கழிப்பறைக்குச் செலவழிப்பதா என்று கூட்டத்தில் யாராவது கேட்டால், மேலே சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

பீரியடுக்கு வெளியே இருக்கும் நேரத்தையும் பாருங்கள். பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எட்டரைக்கே வந்துவிடுவார்கள். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் மைதானத்தைத் திறந்து வைத்து, பந்தும் கயிறும் ஒரு கூடையில் வெளியே இருந்தால் போதும். கவனித்துக்கொள்ள ஒரு பெரியவர் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் முறை வைத்துக்கொள்ளலாம், மேலாண்மைக் குழுவினரும் முறை எடுக்கலாம். நம் வெயிலுக்கு ஏற்ற நேரமும் காலையும் மாலையும்தான்.

பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். விளையாட்டு நேரத்தைக் கூட்டியதால் மதிப்பெண் குறைவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மதிப்பெண் கூடும் என்று சிலர் சொல்வது அந்த அளவுக்கு உறுதியில்லை. சில ஆய்வுகளில் கொஞ்சம் கூடியது, சிலவற்றில் வித்தியாசம் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் முதலாவதை மட்டும் சொல்லுங்கள். கண் பார்வையைப் பற்றிய தகவல் ஒன்றும் பெற்றோரிடம் எடுபடும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மூன்று வருஷம் ஆய்வு செய்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிஷம் கூடுதலாகத் திறந்த வெளியில் விட்டார்கள். அங்கே கிட்டப்பார்வை வந்தவர்கள் நூற்றுக்கு 30 பேர். மற்றப் பள்ளிகளில் 39 பேருக்கு மேல். இது சின்ன வயதில், கண்ணாடி போடுவதற்கு முன்பு கிடைக்கும் பலன். ஏற்கெனவே கண்ணாடி போட்டவர்களுக்கு இதே அளவு உதவும் என்று சொல்ல ஆதாரம் போதாது. உங்கள் பள்ளிக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி.

இனி சாப்பாடு. புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு முன் கையில் இருப்பதைப் பாருங்கள். 1956இல் காமராஜர் காலத்தில் மாநிலம் முழுவதும் பரவத் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாக விரிந்த மதிய உணவு இன்று பத்தாம் வகுப்பு வரை கிடைக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கான தேசிய அளவுகோல் ஒரு வேளைக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம். தமிழ்நாட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் முட்டையும் உண்டு, சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். எந்த உணவுத் திருவிழாவும் இதற்கு ஈடாகாது. இந்தச் சாப்பாடு முழுதாகப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகிறதா என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

பல இடங்களில் போவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் தட்டோடு வரிசையில் நிற்க வெட்கப்படுகிறான். 'பசிக்கல சார்' என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் வரை சும்மா இருக்கிறான், அல்லது கடையில் ஒரு பாக்கெட். வீட்டு டிபன் டப்பாக்காரர்கள் ஓரிடம், சத்துணவுக்காரர்கள் இன்னோரிடம் என்று பிரித்து உட்கார வைக்கும் பள்ளிகளில் இது அதிகம். எல்லோரும் ஒரே இடத்தில் உட்காரட்டும். பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. ருசி பார்ப்பதோடு நிற்காமல், நாளுக்கு இரண்டு ஆசிரியர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டால் அந்தக் கூச்சம் வேகமாகப் போய்விடும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியை தினமும் அப்படித்தான் சாப்பிட்டார். அங்கே பத்தாம் வகுப்புப் பையன்கள்கூட இரண்டாவது தடவை வாங்குவார்கள். வரிசையையும் பாருங்கள். ஒரே வரிசையாக இருந்தால் கடைசிப் பிள்ளைக்குச் சாப்பிட எட்டு நிமிஷம்கூட இருக்காது. இரண்டு வரிசையாக்கினால் போதும்.

காய்கறியை ஒதுக்கி வைக்கிறார்கள் என்பது எல்லாப் பள்ளியிலும் இருக்கும் புகார். பெரிய துண்டாகக் கிடக்கும் பூசணியையும் முள்ளங்கியையும் பொறுக்கிப் போடுவார்கள். பொடியாக நறுக்கிப் பருப்போடு மசித்தால் உள்ளே போகும். முருங்கைக்கீரையைச் சாம்பாரில் கடைசியில் சேர்ப்பதும் அப்படித்தான். சத்துணவு அமைப்பாளரிடமும் சமையல் அம்மாவிடமும் இதைக் குறையாகச் சொல்லாமல் யோசனை கேட்பதுபோலப் பேசுங்கள். எந்த நாள் எந்தக் காய் மிஞ்சுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். நறுக்க ஆள் போதவில்லை என்றால் அதையும் அவர்களே சொல்வார்கள். சின்னப் பிள்ளைகள் ஒரு புதுக் காயை எட்டுப் பத்துத் தடவை ருசி பார்த்த பிறகுதான் பழகுகிறார்கள் என்பது ஆய்வில் நன்றாகவே தெரிந்த விஷயம். அதனால் ஒரு வாரம் சாப்பிடவில்லை என்பதற்காக அந்தக் காயை நிறுத்த வேண்டாம். பள்ளித் தோட்டத்தில் தாங்களே வளர்த்த கீரை என்றால் ருசி பார்க்கும் விருப்பம் கூடுகிறது. அந்தப் பழக்கம் வருஷக்கணக்கில் நிலைக்குமா என்பது சந்தேகம்தான். சாப்பாட்டுக்கு முன் விளையாட விட்டால் காய்கறி அதிகம் உள்ளே போகிறது என்று அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பள்ளிகளில் பார்த்திருக்கிறார்கள். நம் பன்னிரண்டு மணி வெயிலில் அது சரிப்படாது. மார்கழி, தை மாதங்களில் முயன்று பார்க்கலாம்.

காலைச் சாப்பாடு உங்கள் பள்ளியின் பெரிய ஓட்டையாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. உங்கள் பள்ளி ஆறாம் வகுப்பில் ஆரம்பிக்கிறது. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவரும் பிள்ளை டீயும் ரெண்டு பிஸ்கட்டுமாக வருகிறது. அசெம்பிளியில் மயங்கி விழுபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். காலை இடைவேளையில் கடைக்கு ஓடும் கூட்டமும் இவர்கள்தான். இங்கேதான் உங்கள் பணம் அதிகம் வேலை செய்யும். ஊர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் பேசி, காலை இடைவேளையில் கேட்டுக்கு உள்ளேயே ஒரு கிண்ணம் சுண்டல் விற்கச் சொல்லுங்கள். உலர்ந்த கொண்டைக்கடலை 30 கிராமில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், அதாவது ஒரு முட்டை அளவு. கிலோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் ஒரு பிள்ளைக்குக் கடலைச் செலவு மூன்று ரூபாய். தாளிப்பு, விறகு, கூலி எல்லாம் சேர்த்து ஐந்து ரூபாய்க்குக் கொடுக்க முடியும். ஒருநாள் கடலை, ஒருநாள் பாசிப்பயறு, ஒருநாள் வேகவைத்த வேர்க்கடலை, தை மாதத்தில் பனங்கிழங்கு. தொடக்கச் செலவான பாத்திரம், கிண்ணங்கள், முதல் மாதச் சரக்கு இவற்றுக்கு உங்கள் நிதியிலிருந்து பத்தாயிரம் கொடுங்கள். காசில்லாத பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியர் மூலம் சத்தமில்லாமல் டோக்கன் போகட்டும்.

வெளியில் இருக்கும் கடைக்குச் சட்டமே துணை இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் விதி கொண்டுவந்தது. புகையிலைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 கஜம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் போதும். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். 60ஆவது மீட்டரில் கடை வந்துவிடும், வீட்டுத் தெருவிலேயே வாங்கிப் பையில் போட்டும் வருவார்கள். உள்ளே சுண்டல் கிடைக்க ஆரம்பித்த பிறகு கடையைப் பற்றிப் பேசுவதுதான் சரியான வரிசை.

அப்புறம், கேட்டுக்கு எதிரே சாக்கு விரித்து உட்காரும் பாட்டியை விரட்டிவிடாதீர்கள். கொய்யா, நெல்லிக்காய், மாங்காய், இலந்தைப்பழம், மக்காச்சோளம் என்று அவர் விற்பதில் பாதி நாம் போஸ்டரில் எழுதும் பொருள்கள்தான். குறை, ஈயும் தூசியும், நிறம் சேர்த்த மிளகாய்ப் பொடியும். மூடியோடு ஒரு பெட்டியும், கை கழுவ ஒரு தண்ணீர்க் கேனும், வீட்டில் அரைத்த மிளகாய்ப் பொடியும் வாங்கிக் கொடுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், அவர் பிழைப்பும் கெடாது.

சர்க்கரையைப் பற்றிச் சுருக்கமாக. குளிர்பானங்களில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை. 250 மில்லி பாட்டிலில் ஐந்து டீஸ்பூனுக்கு மேல். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கே அதற்கு மேல் வேண்டாம். இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லி 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் பள்ளியிலும் பிள்ளைகளே பாக்கெட் அட்டையைப் படித்து எழுதலாம், நல்ல பயிற்சி. பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுப்பதற்குப் பதில் கடலை மிட்டாய் கொடுக்கலாம், ஆனால் வெல்லமும் சர்க்கரைதான். கடலைக்காகத்தான் அது மேல். பாலில் கலக்கும் சத்து மாவு டப்பாக்களிலும் சர்க்கரை அளவைப் படித்துப் பாருங்கள்.

வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியே எறிவது உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் முன்னால் போடட்டும். மலம் கறுப்பாகப் போவது பயப்படும் விஷயமில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஓடினால் சீக்கிரம் மூச்சு வாங்கும் பெண் பிள்ளைகளை 'சோம்பேறி' என்று சொல்லும் முன் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆக, பணக் கணக்கு ஏறக்குறைய இப்படி: கழிப்பறை, குழாய், குடிதண்ணீர் எட்டாயிரம், சுண்டலுக்குப் பத்தாயிரம், கயிறு, பந்து, வளையம், சுண்ணாம்புத் தூள் எட்டாயிரம், பாட்டியின் பெட்டி ஆயிரம், மிச்சத்தைக் கையில் வையுங்கள், கயிறு அறும், பந்து கிழியும். திறந்தவெளி ஜிம் சாதனங்கள் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். இந்தத் தொகையில் நல்லது வராது, ஒரு நேரத்தில் நாலு பேர்தான் பயன்படுத்த முடியும். யோகா, உடல் வளைந்து கொடுக்கவும் மனம் அமைதிப்படவும் நல்லது. மூச்சு வாங்கும் ஓட்டத்துக்கு அது மாற்றாகாது. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்பது உண்மை. திருவிழாவில் ஒருநாள் தின்பதால் எதுவும் ஆகாது, வாரத்தில் ஒருநாள் சுண்டலுக்குப் பதில் கேழ்வரகுக் கொழுக்கட்டை என்றால் அர்த்தமிருக்கிறது. பலனை அளக்க மூன்று விஷயம் போதும்: மாதம் ஒருநாள் கடிகாரத்தோடு அந்தச் சுமாராக விளையாடும் பெண் எத்தனை நிமிஷம் அசைந்தாள், மதியம் மிஞ்சிய காய்கறி வாளியில் எவ்வளவு, காலை இடைவேளைக்குப் பிறகு குப்பைத் தொட்டியில் எத்தனை பாக்கெட். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே எண்ணி எழுதிவிடுவார்கள்.

ஆசிரியர்களும் பெற்றோரும் தாங்களாகவே முடிவு செய்யக் கூடாதவையும் உண்டு. ஓடும்போது நெஞ்சு வலி அல்லது மயக்கம் வரும் பிள்ளை, இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை, இதயக் கோளாறு இருப்பதாகச் சொல்லப்பட்ட பிள்ளை இவர்களை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே மைதானத்தில் விட வேண்டும். பெரும்பாலும் ஏதாவது ஓர் அளவுக்கு விளையாட அனுமதிப்பார்கள். எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் வைத்து டயட் எழுதிக் கொடுக்காதீர்கள். அரசின் நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும். அதற்கு முன்பே வகுப்பாசிரியர்களிடம் பெயர்ப் பட்டியல் தயாராக இருந்தால் அந்த நாள் வீணாகாது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அந்தக் குழு வரும்வரை காத்திருக்கக் கூடாது: சில வாரங்களில் மளமளவென்று மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, பாடவேளைக்குப் பாடவேளை சிறுநீர் கழிக்கப் போகும் பிள்ளை. அது முதல் வகைச் சர்க்கரை நோயாக இருக்கலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப்போய் இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும்.